டாக்டர் மாரப்பன் தலையாட்டினார்

மாரப்பன் இதுவரை நானூறு பேரைக் கொன்றிருக்கிறார். அத்தனை பேரையும் தலையாட்டியே.

நம்பாதவர்கள் எந்த டாக்கீஸிலும் விசாரித்துக்கொள்ளலாம். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டராக வருவார். கண்ணாடியைக் கழற்றுவார். ஒரே ஒரு தலையாட்டல். பெஞ்சு டிக்கெட்டில் ஒப்பாரி கிளம்பிவிடும். இருபது வருஷமாகச் சினிமாவில் இதே வேலை, இப்போது டி.வி. நாடகத்திலும்.

மனைவியின் அண்ணன் நஞ்சப்பன் மட்டும் மசியவில்லை. பனியன் கம்பெனி முதலாளி. நாலு பேர் இருக்கும் பந்தியில்தான் ஆரம்பிப்பார்.

"ஏனுங் மாப்ள, தலையாட்டறதெல்லாம் நடிப்புங்களா? அப்படிப் பாத்தா பூம்பூம் மாட்டுக்குத்தான் மொத அவார்டு குடுக்கோணும்!"

மாரப்பனுக்குச் சோறு இறங்காது. சாவதற்குள் மச்சான் ஒரு தடவை தன் நடிப்பை நம்பிவிட்டால் போதும் என்றிருந்தது.

தொண்ணூற்றொன்றில் அந்த நஞ்சப்பனுக்குக் குடல்வால் ஆபரேஷன். கடுகளவு சமாச்சாரம். ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பெனியே திரண்டு நின்றது.

மாரப்பன் உள்ளே போய்ப் பார்த்தார். மயக்கம் தெளியாமல் மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஏ.சி. அறையிலிருந்து வெக்கைக்கு வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றினார். ஒரு குடல்வாலுக்கு இத்தனை கூட்டமா என்று தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான்.

"மாரப்பண்ணனே தலையாட்டிட்டாருங்களே!" என்று நஞ்சப்பன் மனைவி சாரதாமணி தரையில் விழுந்தார்.

வராந்தாவே சரிந்தது. அழுத சத்தத்தில் அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் தட்டுகிற சுத்தியெல்லாம் நின்றுபோனது. கம்பெனி ஷட்டர் இறங்கியது. முதலாளி சிலைக்குச் சிற்பியிடம் சொல்லிவைக்க ஒருவன் திருமுருகன்பூண்டிக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினான். ஓடிவந்த நிஜ டாக்டர், மாரப்பனைப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மாரப்பனுக்கோ, "உசுரோட இருக்காருங்க!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

அப்போது கதவு திறந்தது.

குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நஞ்சப்பன் நின்றார்.

ஒப்பாரி பாதியில் அறுந்தது.

தலைவிரி கோலமாய்க் கிடந்த மனைவியைப் பார்த்தார். அதற்குள் வந்துவிட்ட ரோஜா மாலையைப் பார்த்தார். என்ன ஆச்சு என்பதுபோல் மாரப்பனைப் பார்த்தார்.

மாரப்பனுக்குக் குரல் வரவில்லை. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார்.

நஞ்சப்பன் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"மெய்தானுங்களா மாப்ள… எத்தன மணிக்குங்க போனேன்?"