மூன்றரை மணி நேரம்

"மூணு மணிக்குப் பெட்டியை மூடிடுங்க" என்று லிகாயா சொன்னதும், அந்த ஊர் துக்க வீட்டு வழக்கப்படி சவப்பெட்டியருகே சீட்டாடிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது.

புரிட்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே கிடப்பது அவள் அண்ணன் மகன், லிகாயாவின் புருஷன் டானிலோ. அவன் கூடப்பிறந்த அக்கா ரொவேனா இன்னும் வந்து சேரவில்லை.

"கடல் தாண்டி இருக்கிறவங்களுக்காக வாரக்கணக்குல காத்திருக்கிற ஊருடி மணிலா! நீ மட்டும் என்ன மகாராணியா?"

"அக்காவுக்குச் சேதி அனுப்பிட்டேன் அத்தை. மூணு மணிக்கு மூடுறோம்னும் சொல்லிட்டேன்."

"எப்ப அனுப்பின?"

"இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு."

"அடிப்பாவி! செத்து ரெண்டு நாளாச்சு, இன்னிக்கா சொல்ற? சிங்கப்பூர்லேருந்து பிளேன்லயே மூணரை மணி நேரம். அவ என்ன, ராக்கெட்டுல வருவாளா?"

லிகாயா சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீரும் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று புரிட்டா பல்லைக் கடித்தாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், லிகாயாவின் ஸ்பீக்கர் போனில் ரொவேனா அழுதது அவள் காதில் இன்னும் இருந்தது. டானிலோவுக்கு அபூர்வ வகை ரத்தம். அக்காவுக்கும் அதே வகை. லிகாயா கெஞ்சினாள். 'ரெண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் லிகாயா! நான் பறந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமே!' என்று ரொவேனா கதறினாள். போனில் அந்த அழுகைக்கு நடுவே, மணிலாத் தெருக்களில் தாஹோ என்ற சோயா இனிப்பு விற்பவன் வேறு "தாஹோ...ஓ!" என்று நீட்டி முழக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகுதான் லிகாயா கெஞ்சுவதை நிறுத்தினாள்.

அப்படித் துடித்தவளுக்குக் கடைசி முகம்கூடக் கிடையாதா?

"பாதர், நீங்களாவது சொல்லுங்க!" என்று புரிட்டா அலறினாள். பாதர் வாய் திறப்பதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

வீட்டுச் செருப்போடு, வெறுங்கையோடு, தலைவிரி கோலமாக ஓடி வந்தாள் ரொவேனா. "நான் வராம என் தம்பியை மூடிடுவியாடி? அவ்வளவு திமிரா உனக்கு?"

"வந்துட்டியா என் தங்கமே!" புரிட்டா அவளைக் கட்டிக்கொண்டாள். "கடவுள் இருக்கார்டி! பாரு, எங்க பொண்ணு எப்படிப் பறந்து வந்துட்டான்னு!"

சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் காட்ட நீட்டிய புரிட்டாவின் கை பாதியில் நின்றது. மணி இரண்டே முக்கால்.

சீட்டுக்கட்டை யாரோ மெல்லக் கீழே வைத்தார்கள். லிகாயா எழுந்து ரொவேனாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் ரத்தம் கேட்டப்பவும் இந்த ஊர்லதான் இருந்தீங்களா, அக்கா?"