லட்சுமம்மாவின் குடை

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே பாஞ்சாலி கேள்வித்தாளைத் திருடிவிட்டாள்.

திருட்டு சுலபம். வலிப்பு நோயாளிகள் எல்லாருக்கும் டாக்டர் சீனிவாசராகவன் ஒரே கதையைத்தான் வாசித்துக் காட்டுவார். அரை மணி கழித்து அதையே திருப்பிச் சொல்லச் சொல்வார். போன வாரம் தம்பிக்கு மூளை அலை எடுக்க வந்து காத்திருந்தபோது, மூன்று பேருக்கு அவர் வாசித்தது முழுக்க அவள் காதில் விழுந்தது.

தம்பி கோவிந்தனுக்கு மில் வேலை போனதே வலிப்பால்தான். ஓடும் தறிமேல் சரிந்தவனைப் பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். வலிப்பு கிளம்பும் இடத்தை மூளையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். அதற்கு முன்னால் இந்த ஞாபகப் பரீட்சை. பாஸானால்தானே ஆபரேஷன்!

“காலையில இன்னாடா துன்னே?” என்று கேட்டால், “துன்னேனா?” என்பவன் அவன். சோறு போடும்போதும், அல்சூர்க் குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போதும் கதையை அவன் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள்.

“டாக்டர ஏமாத்துறோம்க்கா.”

“வாய மூடு. குடைய எங்க வுட்டா?”

“பஸ்ல.”

“யார் கொணாந்து குடுத்தாங்க?”

“கண்டக்டரு.”

“ஸ்கூல்ல இப்டி படிச்சிருந்தா நான் ஏன்டா ஊரு பாத்திரம் தேய்க்கிறேன்?”

இன்று பரீட்சை. கதவு திறந்தே இருந்தது. “மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லுப்பா. அதுவும் எனக்கு வேணும்,” என்றார் டாக்டர். இந்த நல்ல மனுஷனையா ஏய்க்கிறோம் என்று பாஞ்சாலிக்குத் தலை நிமிரவில்லை.

கதையை வாசித்து அரை மணி கழித்துக் கேட்டபோது கோவிந்தன் ஒப்பித்தான். மாலூர் சந்தைக்குப் போன லட்சுமம்மா, வழியில் பிடித்த மழை, பஸ்ஸில் விட்ட குடை, தேடி வந்து கொடுத்த கண்டக்டர். ஒன்றும் விடவில்லை.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கண்டுபிடித்துவிட்டாரோ?

“வலிப்பு கிளம்புறது மூளையோட இடது பக்கத்துலம்மா. கேட்டதை ஞாபகம் வெச்சுக்கறதும் அதே இடம்தான். உன் தம்பிக்கு அது பிரமாதமா வேலை செய்யுது.”

அவளுக்கு மூச்சு வந்தது. “அப்ப பாஸுதானே சார்? ஆபரேஷன் எப்போ?”

டாக்டர் பேனாவை மூடினார்.

“அந்த இடம் கெட்டுப்போயிருந்தாத்தாம்மா வெட்டி எடுக்கலாம்.”