ஷூ பாலிஷ் டப்பா

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா, ஐயா?"

புற்றுநோய் மருத்துவமனையின் மருந்தாளுநர் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"கிடையாது" என்றார் பெரியவர், நாற்காலியில் சாயாமல்.

பக்கத்தில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் அவர். ஒன்று சொன்னால் சொன்னதுதான். சில நாள் பாலில் ஏதோ வாடை அடிக்கிறது என்று மூன்று பால்காரர்களை நிறுத்தியவர்.

"ஏன் கேக்குறேன்னா, சில மாத்திரைங்க பொல்லாததுங்க. நாங்க ஏத்துற புற்றுநோய் மருந்து உடம்புல போய் உக்கார்றதுக்குள்ள, கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். வலிப்பு மாத்திரைங்கதான் இதுல முதல் ஆளு. ஏத்துன மருந்து அப்புறம் வேலையே செய்யாது."

வந்த விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதா? அதுவும் அவர் உடம்புக்குள்ளேயா?



கல்யாணப் பேச்சின்போது அவருடைய அப்பா, "எங்க வம்சத்துல வலிப்பு மாதிரி வியாதியெல்லாம் கிடையாது" என்று பெண் வீட்டாரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை முப்பத்தெட்டு வருடம் காப்பாற்றியாகிவிட்டது. இன்று புற்றுநோய் வந்து அதைக் கேட்கிறது.

மனைவியிடம், "கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வா" என்றார்.

அவள் எழுந்து போனாள்.

கதவு சாத்தியதும் பெரியவர் மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். வலிப்பு மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று. காலி ஷூ பாலிஷ் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறார். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். அப்போதே மாத்திரையும் உள்ளே போய்விடும். வீட்டில் ஈ காக்கைக்குத் தெரியாது.

"முப்பது நாளைக்கு முப்பது மாத்திரை. மாசக் கடைசியில டப்பா காலி. ஒரு நாள் தவறினது கிடையாதும்மா!"

மருந்தாளுநர் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். ஷூவின் பளபளப்பை ரசிக்கிறாள் போலும் என்று அவர் காலைச் சற்று முன்னால் நீட்டினார்.

"இன்னிக்கு மருந்து ஏத்த வேண்டாங்க ஐயா. எங்க மருந்தோட சண்டை போடாத வேற மாத்திரையை டாக்டர் எழுதி வெச்சிருக்கார். படிப்படியா அதுக்கு மாறணும். நோயாளி தன் வாயால சொல்லணும்ங்கிறது எங்க விதி. அதுக்குத்தான் காத்திருந்தோம்."

எழுதி வைத்திருக்கிறாரா? யார் சொல்லி?

"நான் எதையும் சொல்லலைங்க" என்றவள் படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள். போன வாரம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிய படிவம். கடைசிப் பத்தியில், ஒவ்வொரு எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்த, அவருக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

'வலிப்பு மாத்திரை, இரவு ஒன்று. மாதத்தில் இரண்டு நாள் மறந்துவிடுவார். ஷூ பளபளக்காத அன்று நானே டப்பாவிலிருந்து எடுத்துப் பாலில் கரைத்துக் கொடுத்துவிடுவேன். எனக்குத் தெரியும் என்று தயவுசெய்து அவரிடம் சொல்ல வேண்டாம்.'

கதவு திறந்தது. மனைவி வெந்நீரோடு வந்தாள்.

பெரியவர் படிவத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணுமில்ல." எழுந்து சட்டையை நீவி விட்டுக்கொண்டார். "போற வழியில அந்தப் பால்காரங்களைப் பார்த்து மன்னிப்புக் கேக்கணும்."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை.

"மூணு பேர்கிட்டயுமா?" என்று மட்டும் கேட்டாள்.