சிக்காத பாட்டு

“நல்லா ஓடுறதைப் போய் கெடுத்துக் குடுங்கன்றீங்களே, இது யாரோட சிடி பிளேயரும்மா?”

“எங்க அப்பாவோடது” என்றாள் அவள்.

பழுதுபார்ப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். மேசையில் அவள் வைத்த பெட்டியில் புதிதாக ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

“அப்பா மேல அவ்வளவு கோபமா?”

“அவருக்குத்தான் என் மேல கோபம். கட்டினவனை விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன் பாருங்க, அன்னையிலேருந்து பேச்சில்லை. சோறு வெச்சா தட்டைப் பாத்தே சாப்பிட்டு எழுந்துடுவார்.”

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“சாயங்காலம் பாட்டுக் கேப்பார். மூணாவது பாட்டுல, சிடில கீறல் விழுந்த இடத்துல, பழைய பிளேயர் சிக்கிக்கும். சின்ன வயசுலேருந்து அதைத் தட்டி விடுறது என் வேலை. கண்ணை மூடிக் கேட்டுட்டே இருப்பாரா, சிக்கினதும் தன்னை மறந்து ‘ஏய் வாலு, ஒண்ணு போடு’ம்பார். ஓடிப் போய்ப் போடுவேன். ஒரு நாளைக்கு அந்த ஒரு பேச்சுதாண்ணே.”

“அப்பாவும் பொண்ணும் பேசிக்க, நடுவுல அது அடி வாங்கியிருக்கு” என்று சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“போன வாரம் சுத்துறதையே நிறுத்திடுச்சு. பதினாறு வருஷம் உழைச்சதே பெரிசு. சந்தோஷப்படுவார்னு நானே இதை வாங்கிட்டு வந்தேன். இது கீறலை ஜம்முனு தாண்டிப் போயிடுது. வீட்டுல இப்ப அந்த ஒரு பேச்சும் இல்லை.”

“பழசு எங்க?”

“பழைய இரும்புக்குப் போடலாம்னு வாசல்ல வெச்சேன். திரும்புறதுக்குள்ள எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.”

“அதுல எந்த இடத்துலம்மா தட்டுவீங்க?”

“நட்ட நடு மண்டைல.”

அவர் பார்வை மேசையின் மறுமூலைக்குப் போனது. அடுக்கி வைத்த ரேடியோக்களுக்குப் பின்னால், குடல் தெரியப் பிரித்த ஒரு பெட்டி கிடந்தது. தனியாகச் சுவரில் சாய்ந்திருந்த அதன் மூடியில், நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்திருந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் ஒருவர் இருமினார். அந்த இருமல் அவளுக்குப் பழக்கமானது. திரும்பாமல் அப்படியே நின்றாள்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு, உள்ளே நிற்பது யாரென்று தெரிந்திருக்காது. ஒரு வாரமாக வீட்டில் அவள் கேட்காத குரல் அது.

“தம்பி, பழசு என்னாச்சு? புதுசு சிக்கவே மாட்டேங்குதுப்பா. எப்படியாவது அதையே ஓட வெச்சுக் குடேன்...”