ஸ்கெல்பியின் குட்டை இன்ஜின்

“நம்ம ஊர் ரயில் எங்க?”

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டர் கண்காட்சியில், மேஜை விளிம்பில் மோவாயைப் பதித்துக்கொண்டு ஒரு சிறுமி கேட்டாள்.

ரயில்களைச் சிறு மாதிரிகளாகச் செய்து ஓட்டும் ஸ்கெல்பி ஊர்க் கழகத்தார் வைத்த கண்காட்சி அது. மேஜைமேல் ஸ்கெல்பி ரயில் நிலையம் அச்சு அசலாக இருந்தது. கடிகாரம், பால் கேன்கள், மழையில் கறுத்த சுவர், எல்லாம் உண்டு. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மட்டும் வேற்றூர்க்காரன்.

இந்த ஊர்ப் பாதையில் ஓடிய குட்டை இன்ஜினை எந்தக் கம்பெனியும் சிறு மாதிரியாகச் செய்து விற்றதில்லை. நிஜ இன்ஜின்களை எப்போதோ உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. வரைபடம்கூட மிஞ்சவில்லை என்று பேச்சு.

“நான் செய்யறேன்” என்றார் கழகத்து ராய்ஸ்டன். பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, கையாலேயே.

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். மூடியைத் திறந்து யாருக்கும் காட்டியதில்லை. முடியட்டும் என்பார். இந்த ஈஸ்டருக்கு அது ஓடும் என்று கழகம் நோட்டீஸே அடித்துவிட்டது.

இன்று ஜனவரியின் குளிர்ந்த மாலை. கழகம் கூடும் சிற்றாலயத்தின் பின்னறையில் எல்லோரும் மால்கமின் லேப்டாப்பைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். மாதிரி ரயில் கம்பெனி இந்த ஆண்டுக்கான புது இன்ஜின்களை அறிவிக்கும் நாள். ஆலயத்தின் சாவியை வைத்திருப்பவரான எட்கர், கணப்பை மூட்டிவிட்டுக் கடைசியாக வந்து நின்றார்.

முதல் இன்ஜின் வந்தது. பச்சை ரொம்ப அடர்த்தி என்றார் டெரெக்.

இரண்டாவது வந்தது. புகைபோக்கி குட்டை.

மூன்றாவதில் யாரும் குறை சொல்லவில்லை, விலையைப் பார்க்கும்வரை. “இந்தக் காசுக்கு நெசமான இன்ஜினையே வாங்கி வீட்டு வாசல்ல நிறுத்திடலாம்” என்றார் மால்கம்.

விடிவதற்குள் மூன்றுக்கும் முன்பதிவு செய்துவிடுவார்கள் என்பது எட்கருக்குத் தெரியும். வேதாகமத்தில் கடவுள் வானிலிருந்து பொழிந்த மன்னாவைத் தின்றுகொண்டே முணுமுணுத்த இஸ்ரவேலர்களின் வம்சம் பாலைவனத்தோடு அழிந்துவிடவில்லை.

நான்காவது படம் திறந்தது.

குட்டையான உடல். தடித்த கொதிகலன். முன்பக்கம் சரிந்த தண்ணீர்த் தொட்டி. ஸ்கெல்பியின் இன்ஜினேதான்.

டெரெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார். கழகத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு குறையும் எழவில்லை.

பிறகு எல்லோர் கண்களும் ராய்ஸ்டன் பக்கம் திரும்பின. அவர் கை தகரப்பெட்டியின் மேல் இருந்தது.

“அன்னிக்கே சொன்னேனே ராய்ஸ்டன்” என்றார் மால்கம். “ஒருத்தன் உசிரக் குடுத்து ஒண்ணச் செஞ்சு முடிக்கிற நேரம் பாத்துத்தான் கம்பெனிக்காரன் அதையே பெட்டியில போட்டு விப்பான்.”

அவர்களுக்குள் புளித்துப்போன வேடிக்கை அது. இன்று சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

டெரெக் திரையைப் படித்தார். “பேர் சொல்ல விரும்பாத ஒருத்தர் குடுத்த பழைய வரைபடத்த வெச்சு செய்யறாங்களாம்.”

“யாருய்யா அந்தப் பாவி? வரைபடத்தப் பரண்ல பூட்டி வெச்சுக்கிட்டு இத்தன நாள் வாயே தொறக்கலையே. இந்த மனுஷன் இங்க மங்கிப்போன போட்டோவப் பாத்துப் பாத்துக் கண்ணக் கெடுத்துக்கிட்டான்” என்று பொரிந்தார் மால்கம்.

“விடுங்கப்பா” என்றார் ராய்ஸ்டன். “இனிமே இத முடிச்சு என்ன ஆகப்போகுது.”

பெட்டியை எடுத்துத் தோள்பைக்குள் வைத்தார்.

அந்த அறை அவரை ஒரு தியாகியைப்போல் நடத்தத் தொடங்கியது. நோட்டீஸை மாற்றிவிடலாம் என்றார்கள். இஞ்சிக் கேக்கின் பெரிய துண்டு அவருக்குப் போயிற்று. தேநீரை வாங்கியபோது கோப்பை தட்டில் கடகடத்து, பாதி அவர் மடியில் கொட்டியது. துக்கத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்து டெரெக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது துக்கமில்லை என்று எட்கருக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எட்கர் தன் இறந்துபோன அண்ணனின் வீட்டைக் காலி செய்தபோது, அப்பா காலத்து ரயில் காகிதங்களுக்கு நடுவே அந்த வரைபடம் சுருளாகக் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ராய்ஸ்டனிடம் கொடுக்க ஓடிவந்தார். ராய்ஸ்டன் உள்ளே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மேஜையில் தகரப்பெட்டியின் மூடி சரியாக அமராமல் இருந்தது.

உள்ளே கடைக்காரர் சுற்றிக் கொடுத்த தாளோடு பித்தளைத் தகடுகள். ஒன்றே ஒன்றுதான் வெட்டப்பட்டிருந்தது. அதன் ஓரம் எலி கடித்ததுபோல் இருந்தது.

கழுவுமிடத்தில் ராய்ஸ்டன் கையில் கோப்பைகள் ஓயாமல் கடகடத்தன. எட்கர் மூடியை அழுத்தி மூடினார். சுருளோடு வீடு திரும்பினார். மறுநாள், தன் பெயர் வேண்டாம் என்று எழுதி, அதைக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். அவர்களே செய்துவிட்டால் ராய்ஸ்டன் முடிக்க வேண்டியிருக்காது.

அந்தச் சிறுமி கேட்பதற்கும் முன்பு, எட்கரின் மனைவி நோயில் கடைசியாகப் படுத்திருந்த குளிர்காலம் முழுவதும் ராய்ஸ்டன் கழகப் பக்கமே வரவில்லை. ரயில் சலித்துவிட்டது என்று சொல்லி எல்லோரிடமும் ஏச்சு வாங்கினார். எட்கர் வாரம் ஒருநாளாவது ரயில் பார்த்து மூச்சுவிடட்டும் என்று, செவ்வாய்தோறும் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது ராய்ஸ்டன்தான். அதையும் இந்த அறையில் வேறு ஒருவரும் அறியார்.

“அந்த வரைபடக்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்றார் மால்கம், இன்னும் ஆறாமல்.

“ஆமா. ஈரமில்லாத பய” என்றார் எட்கர்.

சொல்லிவிட்டு ராய்ஸ்டனுக்கு வேறு தேநீர் கொண்டுவந்தார். கோப்பையில் பாதிக்குமேல் ஊற்றவில்லை.