பத்தடி தூரம்

முப்பத்தேழாம் அளவுக்குக் கச்சிதமான பாதம் அந்த ஷூ கம்பெனியில் குணவதிக்குத்தான் வாய்த்திருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு புது மாடலையும் அவள்தான் முதலில் போட்டு, விரிப்பின்மேல் ஜன்னல்வரை பத்தடி நடந்துகாட்ட வேண்டும். சரியென்று அவள் சொல்லிவிட்டால் அது பெட்டிக்குள் போய்விடும். விரிப்பைத் தாண்டி எந்த ஷூவும் அவளோடு வந்ததில்லை.

இம்முறை வந்தது குதி உயரமில்லாத, விரல்களுக்குமேல் சின்ன முடிச்சு வைத்த பழுப்புத் தோல் ஷூ. வெளிநாட்டில் பெண்கள் கடைக்கும் வேலைக்கும் தினமும் போட்டுக்கொண்டு போவார்களாம். காலில் கிடப்பதே தெரியவில்லை, அவ்வளவு பொருத்தம்.

"எங்கயாச்சும் கடிக்குதாம்மா?" என்றார் அந்த ஷூவைச் செய்த அஷ்ரப் மாஸ்டர்.

"சுண்டுவிரல்ல லேசா, மாஸ்டர்."

மறுநாள் தளர்த்திக் கொண்டுவந்தார். அன்றும் கடிக்கிறதென்றாள். அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள், ஜன்னலருகே திரும்பும்போது குதிகால் ஷூவைவிட்டு நழுவி வெளியே வந்தது. கீழே ரோட்டில் வெயில் காய்ந்தது. குணவதி விரல்களை மடக்கி ஷூவை இறுகப் பிடித்தபடி திரும்பி நடந்துவந்தாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கடிக்குது, மாஸ்டர்."