நாலாவது கால்

மாடி அறையின் மூலையில் மூன்று கால்களோடு ஒரு நாற்காலி சுவரில் சாய்ந்து நின்றது. நாலாவது காலை அடுத்த ஞாயிறு செய்துவிடலாம் என்று வேதநாயகம் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது.

அன்று அவர் ஒரு தேக்குக் கட்டையோடு வந்தார்.

"நான் அஞ்சறைப் பெட்டி ஆகப்போறேன்," என்றது கட்டை. "படம்கூட வரைஞ்சு வச்சிருக்கார்."

"எனக்கும் வரைஞ்சார்," என்றது நாற்காலி.

வேதநாயகம் நாற்காலியின் காலில்லாத பக்கத்துக்குக் கட்டையை நிறுத்தி முட்டுக்கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டி செய்வது எப்படி என்று போனில் வீடியோ பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"நாளைக்கு என்னை அறுப்பாரா?" என்று கட்டை கேட்டது.

அறுத்துவிட்டால் மறுபடி சுவர்தான் துணை என்று நாற்காலிக்குத் தெரியும்.

"என்ன அவசரம்? கொஞ்ச நாள் இப்படியே இரேன்," என்றது.